வெப்கேமராவை வைத்து அப்பா எங்கே பார்க்கிறார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: உங்கள் அப்பாவுக்கு ஏ.எல்.எஸ்., தசையை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்ல அழியும் நோய். கை வேலை செய்யவில்லை, பேச்சும் ஏறக்குறைய போய்விட்டது, கண் மட்டும் நன்றாக அசைகிறது. வீட்டில் இருக்கும் 15.6 அங்குல லேப்டாப்பின் வெப்கேமராவை வைத்தே அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கண்டுபிடித்து எழுத வைக்கலாமா, இல்லை தனிக் கருவி வாங்கித்தான் ஆக வேண்டுமா, இதெல்லாம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். திரையை ஆறு பெரிய கட்டமாகப் பிரித்தால் அவர் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறார் என்று வெப்கேமரா ஓரளவு நம்பகமாகச் சொல்லும். முப்பது எழுத்தில் எந்த எழுத்து என்று சொல்லாது. எழுத்து எழுத்தாக அவர் எழுத வேண்டும் என்றால் அகச்சிவப்பு விளக்கோடு வரும் கருவிதான் வேண்டும். நான் பல வருடமாகப் படத்தில் கண்ணைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். சில வீடுகளுக்குப் போய் இந்தக் கருவிகளைப் பொருத்தியும் கொடுத்திருக்கிறேன். அதனால் காரணத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கேமரா உங்கள் அப்பாவின் பார்வையைப் பார்ப்பதில்லை, கண்ணின் படத்தைத்தான் பார்க்கிறது. அந்தப் படத்திலிருந்து பார்வை எங்கே போகிறது என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கின் அடிப்படையை நாளைப் பகலில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். யாரையாவது ஜன்னலுக்கு எதிரே உட்காரச் சொல்லி, நீங்கள் ஓர் அடி தூரத்தில் நின்று அவர் கண்ணை உற்றுப் பாருங்கள். கருவிழியின் மேல் ஜன்னலின் குட்டிப் பிம்பம் வெள்ளையாக மின்னும், கம்பிகூடத் தெரியும். இப்போது தலையை ஆட்டாமல் உங்கள் இடது காதையும் வலது காதையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் பாப்பா இங்கும் அங்கும் போகும். ஜன்னல் பிம்பம் அந்த அளவுக்கு நகராது. கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிந்த படலமான கார்னியா உருண்டையான கண்ணாடி மாதிரி இருப்பதால் வரும் விளைவு இது. பாப்பாவின் நடுப்புள்ளிக்கும் அந்த மினுமினுப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அளந்தால் கண் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடையில் விற்கும் ஐ டிராக்கர்கள், அதாவது கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகள், பெரும்பாலானவற்றில் அடிப்படை இதுதான். ஜன்னலுக்குப் பதில் சில அகச்சிவப்பு எல்.இ.டி.கள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1890-களின் கடைசியில் எட்மண்ட் ஹ்யூயி என்ற அமெரிக்கர், படிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்று பார்ப்பதற்காக, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டர் மூடியைக் கண்ணின் மேல் ஒட்டி, அதிலிருந்து மெல்லிய அலுமினிய முள் ஒன்றை இழுத்து வரைய வைத்தார். கண்ணை மரத்துப்போகச் செய்ய கோகெய்ன் போட்டார்கள். சில வருடத்திலேயே, 1901இல், டாட்ஜும் க்ளைனும் கண்ணைத் தொடாமலேயே கார்னியாவில் பட்டுத் திரும்பும் ஒளியை, விழுந்துகொண்டிருக்கும் புகைப்படத் தட்டில் பதிவு செய்து காட்டினார்கள். கண்ணில் எதையும் ஒட்டாமல் ஒளியை வைத்தே அளக்கலாம் என்ற வழி அங்கே திறந்தது. நூற்றிருபது வருடம் கழித்து நாமும் அதே ஒளிப்புள்ளியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஏன் அகச்சிவப்பு? கண்ணுக்குத் தெரியாது, கூசாது என்பது ஒரு காரணம். நம் ஊர்க்காரர்களுக்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் கண்ணில் ஐரிஸ், அதாவது பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிற வளையம், அடர்ந்த பழுப்பு. வெப்கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐரிஸும் பாப்பாவும் ஒரே கருப்பு வட்டமாகத்தான் தெரியும், பாப்பா எங்கே தொடங்குகிறது என்று மனிதர்களாலேயே சொல்ல முடியாது. அகச்சிவப்பில் எடுத்தால் கதையே மாறிவிடும். அந்தப் பழுப்பைத் தரும் நிறமியான மெலனின் அகச்சிவப்பு ஒளியை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் நம் பழுப்பு ஐரிஸ் வெளிறிய சாம்பல் நிறமாகவும், அதன் நடுவில் பாப்பா கத்தரித்து வைத்த மாதிரி கரிய வட்டமாகவும் தெரியும். முதல் தடவை என் கண்ணையே அப்படித் திரையில் பார்த்தபோது, இது வேறு யாருடைய கண் என்று தோன்றியது. டிவி ரிமோட்டை போனின் முன்கேமராவுக்கு எதிரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். பல போன்களில் ரிமோட்டின் நுனி ஊதா நிறத்தில் மின்னுவது தெரியும். அதுதான் அகச்சிவப்பு.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் பிழையை டிகிரியில்தான் சொல்வார்கள். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள், நகத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு டிகிரி. நம் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதியே அவ்வளவுதான். திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி அப்பா இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிகிரி என்பது திரையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. நல்ல அகச்சிவப்புக் கருவி, சரியாகப் பொருத்தினால், அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரைதான் தவறும். வெப்கேமராவோ நல்ல வெளிச்சத்திலேயே மூன்று, நான்கு, ஐந்து டிகிரி தவறும்.

உங்கள் லேப்டாப் திரை சுமார் 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம். நான்கு டிகிரிப் பிழை என்றால் நான்கு செ.மீ.க்கு மேல் இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம். ஆகவே ஒரு பொத்தான் எட்டு, ஒன்பது செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். அப்படி வெட்டினால் திரையில் நான்கு பத்தி, இரண்டு வரிசை, மொத்தம் எட்டுக் கட்டம்தான் தேறும். ஓரங்களில் பிழை அதிகமாகும் என்பதால் ஆறு என்று வைத்துக்கொள்வது நல்லது. அகச்சிவப்புக் கருவியில் மூன்று செ.மீ. பொத்தான் போதும். பதினொரு பத்தி, ஆறு வரிசை, அறுபத்தாறு கட்டம் கிடைக்கும். ஆறு எங்கே, அறுபத்தாறு எங்கே? உங்கள் கேள்விக்கான விடை முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

“இப்போது ஏ.ஐ. வந்துவிட்டதே, வெறும் கேமராவே போதும் என்கிறார்களே” என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த வழியிலும் நிறைய வேலை நடந்திருக்கிறது. மினுமினுப்பைத் தேடாமல், முகத்தின் படத்தையும் கண்ணின் படத்தையும் அப்படியே நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்து, இந்த மாதிரி படம் வந்தால் பார்வை இங்கே என்று லட்சக்கணக்கான படங்களால் பழக்குவார்கள். 2016இல் வந்த கேஸ்கேப்சர் என்ற தொகுப்புக்காக ஏறக்குறைய 1,450 பேர் தங்கள் போனிலும் டேப்லெட்டிலும் படம் எடுத்துக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 25 லட்சம் படங்கள். அவற்றில் பழக்கிய நிரலின் சராசரிப் பிழை போனில் 1.71 செ.மீ., டேப்லெட்டில் 2.53 செ.மீ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போன் திரையே ஏழு செ.மீ. அகலம்தான். அதே வருடம் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான வெப்கேஸர், உலாவியிலேயே இயங்கும், இலவசம். அதைத் திறந்து நீங்களே உட்கார்ந்து பார்த்தால் புள்ளி எப்படித் தத்தளிக்கிறது என்று பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். வெளிச்சம் மாறினாலோ தலை கொஞ்சம் சாய்ந்தாலோ அது போய்விடும். ஒரு படத்தில் மக்கள் பொதுவாக எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று ஆராய இது போதும். அப்பா தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்வதற்கு இதை நம்ப வேண்டாம்.

அதற்காக வெப்கேமரா வழியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். கூகுள் 2020இல் வெளியிட்ட லுக் டு ஸ்பீக் என்ற ஆண்ட்ராய்டு ஆப் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டே வடிவமைக்கப்பட்டது. இடது, வலது, மேல் என்று மூன்று பக்கம் மட்டும் பார்த்தால் போதும். வாக்கியங்களை இரண்டாகப் பிரித்துப் பிரித்துத் தேர்ந்தெடுக்கலாம், நமக்கு வேண்டிய வாக்கியங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐபோன் 12 அல்லது அதற்குப் பின் வந்த மாடல் வீட்டில் இருந்தால், 2024இல் வந்த ஐ.ஓ.எஸ். 18 முதல் முன்கேமராவிலேயே கண்ணால் இயக்கும் வசதி உண்டு. போனைக் கையில் பிடிக்காமல் ஒன்றரை அடி தூரத்தில் அசையாமல் நிறுத்தி வையுங்கள். செலவில்லாமல் ஒரு வாரம் இவற்றைச் செய்து பார்ப்பது, அப்பாவுக்குப் பழக்கம் ஏற்படவும் உதவும்.

எந்தக் கருவியானாலும் முதலில் கேலிபரேஷன் செய்யச் சொல்லும். திரையில் ஒவ்வொரு புள்ளியாக வரும், அவர் அதைப் பார்க்க வேண்டும், ஐந்தோ ஒன்பதோ புள்ளி. இது சடங்குக்காகச் செய்வது என்று பலர் நினைத்து அவசரமாக முடித்துவிடுகிறார்கள். கண்ணின் நடு அச்சும் நாம் உண்மையில் பார்க்கும் கோடும் ஒன்றல்ல. கூர்மையாகப் பார்க்கும் குழி விழித்திரையின் சரியான நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதால் இரண்டுக்கும் இடையே சுமார் ஐந்து டிகிரி வித்தியாசம் வரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து டிகிரி என்றால் திரையில் ஐந்து செ.மீ. இதை வெளியிலிருந்து எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது, அவர் ஒரு புள்ளியைப் பார்த்துக் காட்டினால்தான் கணக்கில் சேரும். ஆகவே அப்பா அசதியாக இல்லாத நேரத்தில், காலையில், நிதானமாகச் செய்யுங்கள். தலையணை மாற்றினால், கட்டிலின் சாய்வை மாற்றினால் மறுபடியும் செய்யுங்கள்.

அடுத்து ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. கண்ணின் வேலை பார்ப்பது. அதையே சுட்டுவிரலாகவும் பயன்படுத்தினால், சும்மா பார்ப்பதும் தேர்ந்தெடுப்பதும் ஒன்றாகக் குழம்பிவிடும். ராபர்ட் ஜேக்கப் என்ற ஆய்வாளர் தொட்டதெல்லாம் பொன்னாகும் மைதாஸ் ராஜாவின் பெயரை இதற்கு வைத்தார். எனக்கு பஸ்மாசுரன் ஞாபகம்தான் வரும். கண் பட்ட இடமெல்லாம் எழுத்து விழுந்தால் அப்பா திரையைப் பார்க்கவே பயப்படுவார். இதற்குத் தீர்வு, ஒரு பொத்தான் மேல் பார்வை குறிப்பிட்ட நேரம் நின்றால்தான் அது அழுந்தும் என்று வைப்பது. தொடக்கத்தில் ஒரு நொடி, ஒன்றரை நொடி என்று வையுங்கள். பழகியவர்கள் அரை நொடிக்கும் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். அவர் வேகம் பிடிக்கட்டும் என்று நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், அவர் கேட்கும்போது குறையுங்கள். திரையின் ஒரு மூலையில் பொத்தானே இல்லாத வெற்றிடம் ஒன்றும் விடுங்கள். கண்ணுக்கு ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டும்.

தமிழில் எழுதுவதைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். 247 எழுத்தையும் திரையில் போட முடியாது, போடவும் தேவையில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை, பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் வரிசை, ஓர் ஆய்தம் என்று 31 விசையில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. ‘க’ பார்த்து ‘இ’ பார்த்தால் ‘கி’. ஒரே மெய்யை இரண்டு தடவை பார்த்தால் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு பார்வை. ‘தண்ணீர்’ என்று எழுத த, ண, ண, ஈ, ர, கடைசியில் புள்ளிக்காக ஆய்த விசை என்று ஆறு பார்வை, பத்து நொடியில் முடியும். கண்ணால் எழுதுகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான தமிழ் ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. முன்பு சொன்ன அறுபத்தாறு கட்டத்தில் இந்த 31ம் போக, அடிக்கடி வேண்டிய சொற்களுக்கும் இடம் இருக்கும். ஜூலியஸ் ஸ்வீட்லேண்ட் 2015இல் வெளியிட்ட ஆப்டிகீ என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் பொத்தான்களை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம், கணினி தெரிந்த ஒருவர் ஒரு வார இறுதியில் செய்து தந்துவிடுவார்.

ஆயத்த வாக்கியங்களே போதாதா, எழுத்து எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நான் பொருத்திக் கொடுத்த ஒரு வீட்டில் ‘தண்ணீர்’, ‘வலிக்கிறது’, ‘திருப்பிப் படுக்க வை’ என்று இருபது பொத்தான் போட்டுக் கொடுத்திருந்தோம். பெரியவர் அவற்றை எல்லாம் விட்டுவிட்டு எழுத்துப் பலகைக்குப் போய், நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டு, ‘காபில சக்கரை கம்மி’ என்று எழுதினார். அவர் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எட்டு மாதமாக அவருக்குக் குழாய் வழியாகத்தான் உணவு, தினமும் நாக்கில் இரண்டு சொட்டுக் காபி மட்டும் வைப்பார்களாம். அந்த வாக்கியத்தை எந்தப் பொத்தானிலும் நாங்கள் யோசித்திருக்க மாட்டோம்.

கருவி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. விளையாட்டுக்காக விற்கும் அகச்சிவப்பு டிராக்கர்கள் சில பத்தாயிரத்தில் கிடைக்கும். நோயாளிகளுக்கென்று செய்பவை லட்சத்தைத் தாண்டும். முதல் வகை, நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கண்ணாலும் நேராகப் பார்க்கும் ஆளை மனதில் வைத்துச் செய்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ ஒரு கண்தான் சரியாகத் தெரிந்தாலோ இரண்டாவது வகைதான் தாங்கும். நொடிக்கு 250 படம், 1,000 படம் என்று விளம்பரப்படுத்துவதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது கண் தாவும் வேகத்தை ஆராய்கிறவர்களுக்கு வேண்டும். எழுதுவதற்கு 30, 60 போதும்.

விலையைவிட நான் பயப்படுவது இமையைப் பற்றி. இதே நோய் இருந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கண்ணால்தான் எழுதினார் என்று பலர் நினைக்கிறார்கள். கன்னத் தசையின் அசைவைத்தான் ஓர் அகச்சிவப்பு உணரி பிடித்தது. கண் டிராக்கரையும் அவருக்கு முயன்று பார்த்தார்கள், இமை தாழ்ந்திருந்ததால் அது சரியாகப் பிடிபடவில்லை. உங்கள் அப்பாவுக்கு இமை பாப்பாவைப் பாதி மூடுகிறதா என்று மாலையில், அவர் களைத்திருக்கும்போது பாருங்கள். டிராக்கர்களைத் திரைக்கு அடியில் பொருத்துவதும் இதனால்தான். கீழிருந்து பார்த்தால் இமையும் ரோமமும் குறைவாக மறைக்கும். லேப்டாப் வெப்கேமரா மேலே இருப்பது இந்த விஷயத்தில் இன்னொரு பாதகம். கண்ணாடி போடுபவர் என்றால் லென்ஸிலும் மினுமினுப்பு விழும். தூரத்துக்கும் படிப்பதற்கும் இரண்டு பவர் உள்ள கண்ணாடி இன்னும் தொல்லை, ஒரே பவர் உள்ள கண்ணாடி ஒன்றைத் திரை தூரத்துக்கென்று செய்துகொள்ளுங்கள்.

வெயிலையும் மறக்காதீர்கள். ஒரு வீட்டில் தினமும் மூன்றரை மணிக்குக் கருவி கெட்டுப்போகிறது என்று போன் வந்துகொண்டே இருந்தது. மென்பொருளில் இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் நேரில் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அவர் முகத்தில் விழுகிறது. வெயிலில் அகச்சிவப்பு ஏராளம், கருவியின் சின்ன விளக்கை அது முழுங்கிவிடும். தடித்த திரைச்சீலை ஒன்று மாட்டியதும் சரியானது. பழைய குண்டு பல்பிலும் இதே பிரச்சினை உண்டு, எல்.இ.டி. பல்பில் இல்லை.

நீங்களே செய்யலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் டோனி குவான் என்ற சுவரோவியக் கலைஞருக்காக, அவருக்கும் ஏ.எல்.எஸ்.தான், நண்பர்கள் சேர்ந்து மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பிளேஸ்டேஷன் கேமராவைப் பொருத்தி ஐரைட்டர் என்ற கருவியைச் செய்தார்கள். அவர் மறுபடியும் வரைந்தார். அதன் செய்முறை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அகச்சிவப்பு எல்.இ.டி.யை வாங்கி அப்பாவின் கண்ணுக்கு அருகில் நீங்களாகப் பொருத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் அளவுக்கு மீறினாலும் கண் கூசாது, இமை மூடாது, பாப்பா சுருங்காது. அவரால் சொல்லவும் முடியாது. பாதுகாப்புச் சான்று பெற்ற கருவியை மட்டும் வையுங்கள்.

கருவி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்று வாங்கி, நடுவில் உங்கள் முகம் தெரியும் அளவுக்கு இடம் விட்டு, ஓரங்களில் ஆறு கட்டம் வரைந்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, கட்டத்துக்கு ஐந்தாறு எழுத்தாக 31 எழுத்தையும் இரண்டு பக்கமும் சரியாகத் தெரியும்படி ஒட்டுங்கள். தகட்டை உங்கள் இருவருக்கும் நடுவில் பிடியுங்கள். அப்பா முதலில் எழுத்து இருக்கும் கட்டத்தைப் பார்ப்பார், அப்புறம் அது கட்டத்தில் எத்தனையாவது எழுத்தோ அந்த எண்ணுள்ள கட்டத்தைப் பார்ப்பார். தகட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் கண் எந்தப் பக்கம் போகிறது என்று நீங்கள் படியுங்கள். முதல் நாள் ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஆகும், ஒரு வாரத்தில் ஒரு நிமிடத்துக்கு வந்துவிடும். கரண்டு போனாலும் வேலை செய்யும், ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போகலாம். அகச்சிவப்புக் கருவி வந்த பிறகும் அதைத் தூக்கிப் போடாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.